பிரிண்ட் இருட்டாக வருகிறது, நிறம் மாறி வருகிறது: முதலில் எதற்குச் செலவழிக்கலாம்?

பெரியப்பாவின் மணிவிழா முடிந்து ஒரு வாரம் இருக்கும். நான் எடுத்த படங்களில் இருபதைப் பொறுக்கி, ராத்திரி பத்து மணிக்கு உட்கார்ந்து, வீட்டிலிருக்கும் ஆறு மை டேங்க் பிரிண்டரில் மேக்ஸி சைஸில் பிரிண்ட் போட்டேன். மறுநாள் காலையில் கொண்டுபோய்க் கொடுத்தால், பெரியம்மா முதல் படத்தைப் பார்த்துவிட்டு, "என்னடா, கரண்ட் போனப்போ எடுத்தியா?" என்றார். இரண்டாவது படத்தை ஜன்னல் பக்கம் திருப்பிப் பார்த்தார். "இது என் புடவையே இல்லடா. நான் கட்டினது எம்.எஸ். ப்ளூ. இது கத்திரிக்காய் கலர்ல இருக்கு."

திரையில் இரண்டுமே நன்றாகத்தான் இருந்தன. வெளிச்சமாக இருந்தது, புடவையும் நீலமாக இருந்தது.

அதற்குப் பிறகு நண்பர்களிடம் கேட்டால் ஆளுக்கொன்று சொன்னார்கள். மானிட்டரை அளக்கும் கருவி வாங்கு என்றான் ஒருவன். லோக்கல் மையைக் கொட்டிவிட்டு ஒரிஜினல் மை ஊற்று என்றான் இன்னொருவன். பேப்பருக்கு ஐசிசி புரொஃபைல் (அந்த பேப்பரில் எந்த எண்ணுக்கு எந்த நிறம் வரும் என்ற அட்டவணை) செய்துகொள் என்றார் கல்யாண ஆல்பம் செய்யும் தெரிந்தவர் ஒருவர். "எதுக்கு இவ்வளவு பாடு, பென் டிரைவில் போட்டு லேப்ல குடு" என்றது என் தம்பி. ஒன்றரை வருடத்தில் கொஞ்சம் கொஞ்சமாக எல்லாவற்றையும் செய்து பார்த்தாகிவிட்டது. எது எதற்கு உதவியது, எது வீண் செலவு என்பதைத்தான் இங்கே வைக்கிறேன்.

முதலிலேயே ஒன்று. பெரியம்மா சொன்னவை இரண்டு தனித்தனிக் குறைகள். இருட்டு வேறு, நிறம் வேறு. இரண்டுக்கும் காரணம் வேறு, தீர்வும் வேறு, செலவும் வேறு. இதைப் பிரித்துப் பார்க்காமல்தான் பலரும், நான் உட்பட, இருட்டுக்காக நிறக் கருவியைத் தேடிப்போய் முழிக்கிறோம்.

இருட்டு: காசு செலவில்லாத பகுதி

திரை தானே ஒளி விடுகிறது. தாள் தன்மேல் விழும் ஒளியில் ஒரு பங்கைத் திருப்பி அனுப்புகிறது, அவ்வளவுதான். திரையின் ஒளியை நிட் என்ற அலகில் அளக்கிறார்கள். கடையிலிருந்து வரும் மானிட்டர்கள் பெரும்பாலும் 250, 300 நிட் அளவில் வைத்தே வருகின்றன. ஷோரூமில் பளிச்சென்று தெரிய வேண்டுமே.

இப்போது தாளைப் பாருங்கள். வெள்ளைத் தாள் தன்மேல் விழும் ஒளியில் ஏறக்குறைய 90 சதவீதத்தைத் திருப்பி அனுப்பும் என்று வைத்துக்கொள்வோம். தாளின்மேல் விழும் வெளிச்சத்தை லக்ஸில் எடுத்து, 0.9-ஆல் பெருக்கி, 3.14-ஆல் வகுத்தால் தாள் எத்தனை நிட்டில் தெரிகிறது என்பது வந்துவிடும். ராத்திரி ஹாலில் ஒரே டியூப் லைட், தாள் இருக்கும் இடத்தில் 100 லக்ஸ் என்றால், தாளின் வெள்ளை 29 நிட். பக்கத்திலேயே 250 நிட்டில் எரிகிற திரை. எட்டு மடங்குக்கு மேல் வித்தியாசம். இதில் எந்த பிரிண்டரைக் கொண்டுவந்து வைத்தாலும் பிரிண்ட் இருட்டாகத்தான் தெரியும்.

ஆனால் பெரியம்மா பகலில் ஜன்னலோரம் பார்த்தபோதும் இருட்டாகத்தானே இருந்தது? ஆமாம், அதற்குக் காரணம் நான்தான். ராத்திரி இருட்டறையில் திரை கண்ணைக் கூசியதால், படம் வெளிறியிருக்கிறது என்று நினைத்து நானே எக்ஸ்போஷரைக் கீழே இறக்கியிருந்தேன். கண்ணை உறுத்தியது மானிட்டர், வெட்டுப்பட்டது படம்.

இதைச் சரி செய்ய மூன்று வழிகள் உண்டு.

முதலாவது, கருவியே வேண்டாத வழி. நீங்கள் பிரிண்ட் போடும் போட்டோ பேப்பரில் ஒரு வெற்றுத் தாளை எடுத்து, வழக்கமாக பிரிண்டைப் பார்க்கும் வெளிச்சத்தில் மானிட்டர் பக்கத்தில் பிடியுங்கள். திரையில் வெறும் வெள்ளைப் பக்கம் ஒன்றைத் திறந்து, தாளும் திரையும் ஒரே அளவு வெள்ளையாகத் தெரியும்வரை பிரைட்னஸைக் குறைத்துக்கொண்டே வாருங்கள். நூறில் இருந்தது இருபது, இருபத்தைந்துக்கு வந்துவிடும். முதல் நாள் திரை செத்துப்போன மாதிரி இருக்கும். இரண்டு நாளில் பழகிவிடும்.

இரண்டாவது வழி எனக்கு மிகவும் பிடித்தது. கையில் மேனுவல் மோட் உள்ள கேமரா இருந்தால் அதுவே ஒளிமானி. ஐஎஸ்ஓ 100, அபர்ச்சர் எஃப்4, ஷட்டர் 1/50 என்று வையுங்கள். திரை முழுக்க வெள்ளை. கேமராவை அருகில் கொண்டுபோய், ஃபோகஸைக் கலைத்துவிட்டு, வெள்ளை மட்டும் ஃபிரேம் முழுக்க நிறையும்படி பிடியுங்கள். எக்ஸ்போஷர் மீட்டரின் முள் நடுவில், அதாவது பூஜ்யத்தில் நின்றால் திரை சுமார் 100 நிட்டில் இருக்கிறது என்று பொருள். ஷட்டரை 1/40 வைத்து முள் நடுவில் நின்றால் 80 நிட், 1/60 என்றால் 120. என் மானிட்டரில் முதல் தடவை பிடித்தபோது 1/125-க்குப் போனபிறகுதான் முள் நடுவுக்கு வந்தது. கணக்குப் போட்டால் 250 நிட். இந்த ஒரு எண்ணைப் பார்த்த பிறகுதான் பிரிண்டரைத் திட்டுவதை நிறுத்தினேன். கேமராவுக்குக் கேமரா சிறிது மாறும், ஆய்வுக்கூடத் துல்லியம் கிடையாது. வீட்டு பிரிண்டுக்கு இது போதும்.

மூன்றாவது, கலரிமீட்டர், அதாவது மானிட்டரின் நிறத்தை அளக்கும் கருவி, வாங்கி அதையே பிரைட்னஸையும் அளக்க வைப்பது. அளக்கும், நன்றாகவே அளக்கும். ஆனால் இதற்காக மட்டும் வாங்குவதில் அர்த்தமில்லை.

எவ்வளவு நிட் வைக்க வேண்டும்? வீட்டில் பிரிண்டுக்கு ஒப்பிட 80 முதல் 120 வரை என்பது புழக்கத்தில் இருக்கும் அளவு. அச்சுத் தொழிலில் பிரிண்டைப் பார்க்கும் வெளிச்சத்துக்கென்றே ஐஎஸ்ஓ 3664 என்ற தரநிலை உண்டு. உன்னிப்பாக ஒப்பிட 2000 லக்ஸ், சாதாரணமாகப் பார்க்க 500 லக்ஸ் என்று அது வகுத்திருக்கிறது. 500 லக்ஸில் நமது வெள்ளைத் தாள் 143 நிட்டில் தெரியும். நம் வீட்டு ஹாலில் அவ்வளவு வெளிச்சம் கிடையாது என்பதால் 100 அல்லது அதற்கும் கீழே வைப்பது நல்லது. மேசைமேல் ஒரு நல்ல விளக்கையும் வாங்கி வைத்துக்கொள்ளுங்கள், பிரிண்டை அதன் கீழ் பார்க்கலாம்.

திரையைச் சரியாக இறக்கிய பிறகும் கொஞ்சம் குறை மிச்சமிருக்கும். சாதாரண ஐபிஎஸ் வகைத் திரை உள்ள மானிட்டரில் வெள்ளைக்கும் கறுப்புக்கும் இடைவெளி ஆயிரத்துக்கு ஒன்று. கிளாஸி தாளில் இதில் ஐந்தில் ஒரு பங்கு வந்தாலே பெரிய விஷயம், மேட் தாளில் அதைவிடக் குறைவு. எனவே இருண்ட பகுதிகள், உதாரணமாகத் தலைமுடி, கறுப்புக் கோட்டு, மண்டபத்து மூலைகள், எல்லாம் தாளில் ஒன்றோடொன்று ஒட்டிப்போகும். இதற்கு ஒரு தாள் செலவழித்தால் போதும். படத்தின் ஒரு முக்கியமான பகுதியை, முகமும் முடியும் சேர்ந்து வருகிற மாதிரி, ஐந்து பட்டைகளாக ஒரே மேக்ஸி தாளில் அடுக்குங்கள். முதல் பட்டை அப்படியே. அடுத்தடுத்தவற்றில் நிழல் பகுதியைக் கொஞ்சம் கொஞ்சமாகத் தூக்குங்கள். பென்சிலால் பட்டைக்குப் பக்கத்தில் எண்ணை எழுதுங்கள். என் பேப்பரில் எப்போதும் மூன்றாவது பட்டைதான் ஜெயிக்கிறது. இப்போது எந்தப் படமானாலும் பிரிண்டுக்கு அனுப்பும் முன் அந்த அளவைக் கண்ணை மூடிக்கொண்டு சேர்த்துவிடுகிறேன். லைட்ரூம் கிளாசிக் மென்பொருளில் பிரிண்ட் பகுதியிலேயே இதற்கென்று பிரைட்னஸ், கான்ட்ராஸ்ட் நகர்த்திகள் இருக்கின்றன. மூலப் படத்தைத் தொடாமல் பிரிண்டை மட்டும் மாற்றலாம்.

போனில் எடுத்த படங்களுக்கு ஒரு எச்சரிக்கை. இப்போதைய போன்கள், 2023-இல் வந்த ஆண்ட்ராய்டு 14-க்குப் பிறகு இன்னும் அதிகமாக, படத்தோடு எச்டிஆர் தகவலையும் சேர்த்து வைக்கின்றன. விளக்குச் சுடர், ஜரிகை, வானம் எல்லாம் திரையில் வெள்ளையைவிட அதிகமாக ஒளிரும்படி காட்டுகின்றன. தாளில் வெள்ளையைவிட வெள்ளை என்று ஒன்று கிடையாது. போனில் தீபமாக ஜொலித்தது பிரிண்டில் வெறும் மஞ்சள் திட்டாக வந்தால் ஆச்சரியப்பட வேண்டாம்.

நிறம்: செலவுக்கு முன் பார்க்க வேண்டியவை

கத்திரிக்காய் புடவைக்கு வருவோம். கருவி வாங்கும் முன்பே அதில் பாதி சரியாகிவிட்டது.

நிறத்தை மாற்றிக்கொடுக்கும் வேலையை ஒருவர்தான் செய்ய வேண்டும். படத்தைத் திறக்கும் மென்பொருள் செய்யலாம், அல்லது பிரிண்டரை இயக்கும் மென்பொருளான டிரைவர் செய்யலாம். நான் மென்பொருளில் 'நிறத்தை நானே பார்த்துக்கொள்கிறேன்' என்பதைத் தேர்ந்தெடுத்து, பேப்பர் புரொஃபைலையும் கொடுத்திருந்தேன். டிரைவரில் நிறத் திருத்தத்தை அணைக்க மறந்துவிட்டேன். ஒரே குழம்புக்கு மாமியாரும் உப்புப் போட்டு மருமகளும் உப்புப் போட்ட கதை. இரட்டைத் திருத்தம் நடந்தால் முகங்கள் செந்நீலம் ஏறிக் கன்றிப்போனது போல வரும், நீலம் ஊதாவாகும். டிரைவரில் 'நோ கலர் அட்ஜஸ்ட்மென்ட்' அல்லது அதற்கு இணையான 'நன்' (None) என்பதைத் தேர்ந்தெடுத்துவிட்டு அதே படத்தை மறுபடி போட்டேன். முகங்கள் மனித நிறத்துக்குத் திரும்பின. புடவை ஊதாவிலிருந்து நீலத்துக்குப் பாதி வழி வந்தது.

புரொஃபைல் எதுவும் கையில் இல்லையென்றால் தலைகீழாகச் செய்யுங்கள். மென்பொருளில் 'பிரிண்டரே பார்த்துக்கொள்ளட்டும்' என்று விட்டுவிட்டு, டிரைவரில் சரியான பேப்பர் வகையைத் தேர்ந்தெடுங்கள். எஸ்ஆர்ஜிபி (சாதாரணத் திரைகளுக்கான பொதுவான நிற வரம்பு) படம், அதே நிறுவனத்தின் மை, அதே நிறுவனத்தின் பேப்பர் என்றால் இதுவே பலருக்குப் போதுமானதாக இருக்கும். தொழில் தெரிந்தவர்கள் இதை மட்டமாகப் பேசுவார்கள். நான் பேச மாட்டேன்.

பேப்பர் வகை என்பது வெறும் பெயர் இல்லை. எவ்வளவு மை கொட்ட வேண்டும் என்பதை பிரிண்டர் அதை வைத்துத்தான் முடிவு செய்கிறது. கிளாஸி தாளை வைத்துவிட்டு 'பிளைன் பேப்பர்' என்று விட்டால் வெளிறிப்போய், புள்ளி புள்ளியாக வரும். சில நான்கு மை பிரிண்டர்களில் கறுப்பு மட்டும் பிக்மென்ட் மை, அதாவது கரையாத நிறத்துகள் உள்ள மை. கிளாஸி தாளில் அது ஒட்டாது என்பதால் மற்ற மூன்று நிறங்களைக் கலந்தே கறுப்பை உண்டாக்கும், அந்தக் கறுப்பு காப்பிப்பொடி நிறத்தில் வரும். அது கோளாறு இல்லை, அந்த பிரிண்டரின் இயல்பு.

அப்புறம் நாசில் செக், அதாவது மை வரும் துளைகள் அடைத்திருக்கின்றனவா என்று பார்க்கும் சோதனை அச்சு. நான் இரண்டு நாள் தலையைப் பிய்த்துக்கொண்டது இதற்காகத்தான். எல்லோர் முகமும் லேசாகப் பச்சை தட்டியது. அமைப்புகளை எல்லாம் மாற்றி மாற்றிப் போட்டுப் பார்த்தேன். கடைசியில் நாசில் செக் அச்சடித்தால் லைட் மெஜந்தா கோடுகள் பாதியைக் காணோம். ஆறு மை பிரிண்டரில் முகத்தின் மெல்லிய நிறங்களுக்கு லைட் மெஜந்தாவும் லைட் சியானும்தான் ஆதாரம். மூன்று வாரம் பிரிண்ட் போடாமல் வெயில் காலத்தில் விட்டுவைத்ததன் பலன். இப்போது வாரம் ஒரு சிறிய கலர் பிரிண்ட் கட்டாயம்.

திரையில் இரவு ஏழு மணிக்கு மேல் தானாக மஞ்சளாகும் வசதி இருந்தால் நிறம் திருத்தும்போது அதை அணைத்துவிடுங்கள். தானாகப் பிரைட்னஸ் மாறும் வசதியையும்தான்.

கருவியா, புரொஃபைலா?

பணம் செலவழிப்பது இங்கிருந்துதான் தொடங்குகிறது. குழப்பமும்.

மானிட்டர் கலரிமீட்டர் என்பது திரைமேல் தொங்கவிடும் சிறிய கருவி. டேட்டாகலர் நிறுவனத்தின் ஸ்பைடர், கேலிபிரைட் நிறுவனத்தின் டிஸ்ப்ளே வரிசை, இவைதான் பொதுவாகக் கிடைப்பவை. புதிதாக வாங்கினால் பத்தாயிரம் ரூபாயைத் தாண்டும். பழைய கருவி கிடைத்தால் ஆர்கில்சிஎம்எஸ், டிஸ்ப்ளேகால் என்ற இலவச மென்பொருள்களோடு நன்றாக வேலை செய்யும். கருவி திரையில் வரிசையாக நிறங்களைக் காட்டி அளந்து, உங்கள் திரை எந்த அளவுக்கு விலகியிருக்கிறது என்று ஒரு புரொஃபைல் எழுதிக்கொடுக்கும்.

கவனியுங்கள், திரைக்கு மட்டும்தான். பிரிண்டரில் என்ன நடக்கிறது என்பது இந்தக் கருவிக்குத் தெரியவே தெரியாது. நான் நண்பர் ஒருவரிடம் இரவல் வாங்கிப் போட்டுப் பார்த்தேன். என் மானிட்டர் லேசாக நீலம் தட்டியிருந்தது, அது சரியானது. அதற்கு முன் நான் திருத்திய படங்கள் எல்லாம் கொஞ்சம் மஞ்சளாக இருந்ததற்கும் காரணம் தெரிந்தது. ஆனால் கத்திரிக்காய் புடவை கத்திரிக்காயாகவே வந்தது. திரையில் சரியான நீலத்தைப் பார்த்து, தாளில் தப்பான நீலத்தை வாங்கினேன்.

மலிவு லேப்டாப் வைத்திருப்பவர்கள் இன்னும் யோசிக்க வேண்டும். விளக்கக் குறிப்பில் '45 சதவீதம் என்டிஎஸ்சி' என்று இருந்தால், அந்தத் திரை எஸ்ஆர்ஜிபி நிறங்களில் மூன்றில் இரண்டு பங்கைக்கூட முழுதாகக் காட்டாது. இல்லாத நிறத்தை எந்தக் கருவியும் வரவழைக்க முடியாது. அந்தப் பத்தாயிரத்தோடு இன்னும் கொஞ்சம் சேர்த்து, எஸ்ஆர்ஜிபி முழுவதையும் காட்டும் ஒரு ஐபிஎஸ் மானிட்டர் வாங்குவதுதான் புத்திசாலித்தனம்.

பிரிண்டர் புரொஃபைல் வேறு சங்கதி. இந்த பிரிண்டர், இந்த மை, இந்த பேப்பர், மூன்றும் சேர்ந்தால் இந்த எண்ணுக்கு இந்த நிறம் வரும் என்று எழுதிவைத்த அட்டவணை அது. மூன்றில் ஒன்று மாறினாலும் அட்டவணை செல்லாது. இதைப் பெற மூன்று இடங்கள்.

பேப்பர் தயாரிப்பாளர் இலவசமாகத் தருவது முதலாவது. நல்ல பேப்பர் நிறுவனங்கள் பிரபலமான பிரிண்டர்களுக்கு ஒவ்வொன்றுக்கும் தனித்தனியாக வைத்திருக்கும். ஆனால் அது ஒரிஜினல் மையை ஊற்றி அளந்தது. லோக்கல் மை ஊற்றியவர்களுக்கு அது அடுத்த வீட்டுக்காரர் கண்ணாடி போலத்தான். பெயர் மட்டும் அச்சடித்து, உள்ளே யார் செய்தது என்றே தெரியாத 180 ஜிஎஸ்எம் பேப்பர் கட்டுகளுக்கு புரொஃபைலே கிடையாது.

இரண்டாவது, தாளில் அச்சான நிறத்தை அளக்கும் ஸ்பெக்ட்ரோ கருவி வைத்திருக்கும் ஒருவரிடம் செய்துவாங்குவது. சில நூறு நிறக் கட்டங்கள் உள்ள தாளை அனுப்புவார்கள். எந்தத் திருத்தமும் இல்லாமல் அச்சடித்து, ஒரு நாள் காயவைத்து, மடங்காமல் தபாலில் அனுப்ப வேண்டும். அவர்கள் அளந்து ஒரு ஐசிசி கோப்பாக மின்னஞ்சலில் திருப்பி அனுப்புவார்கள். 'எந்தத் திருத்தமும் இல்லாமல்' என்பதில்தான் பலரும் தடுக்கி விழுகிறார்கள். அச்சடிக்கும்போது நிறத் திருத்தம் ஓடிக்கொண்டிருந்தால் அளந்தது அத்தனையும் வீண்.

மூன்றாவது, ஸ்பெக்ட்ரோவை நாமே வாங்குவது. கலர்செக்கர் ஸ்டுடியோ போன்றவை திரையையும் அளக்கும், தாளையும் அளக்கும். விலை கலரிமீட்டரைப்போல் பல மடங்கு. மாதம் ஒரு புது பேப்பர் வாங்கிப் பரிசோதிப்பவருக்கு, அல்லது பிரிண்ட் விற்பவருக்கு, சரி. ஒரே பேப்பரை வருடக்கணக்கில் வாங்குகிற வீட்டுக்காரருக்கு இது தேவையே இல்லை என்பது என் முடிவு.

நான் செய்தது: மிச்சமிருந்த லோக்கல் மை தீர்ந்ததும் ஒரிஜினல் மைக்கு மாறினேன். புரொஃபைல் கிடைக்கிற ஒரு பேப்பரைப் பிடித்துக்கொண்டு, அதை விடவில்லை. கருவிக்குப் போகவிருந்த பணம் மைக்குப் போனது. புடவை அன்றைக்குத்தான் நீலமானது.

முழுதாக எம்.எஸ். ப்ளூ ஆனதா என்றால், இல்லை. இங்கேதான் இந்த விஷயத்தின் எல்லை வருகிறது. திரையில் நீலம் என்பது நேரடியாக ஓர் ஒளி. தாளில் நீலம் என்பது சியான் மையும் மெஜந்தா மையும் கலந்தது. மெஜந்தா ஒரு துளி கூடினால் ஊதா, ஒரு துளி குறைந்தால் வெறும் ஆகாயம். அடர்ந்த நீலங்களில் பல, தாளால் தொட முடியாத இடத்தில் இருக்கின்றன. வேடிக்கை என்னவென்றால், மயில்கழுத்துப் பக்கம் கதை தலைகீழ். அழுத்தமான சியான்-பச்சை நிறங்களில் சிலவற்றை நல்ல இங்க்ஜெட் அச்சடித்துவிடும், எஸ்ஆர்ஜிபி திரை காட்டாது. கேமராவில் எஸ்ஆர்ஜிபி ஜேபெக்காக எடுத்துவிட்டால் அந்த நிறம் பிரிண்டர் வரை வந்து சேராமல் வழியிலேயே வெட்டுப்பட்டுவிடலாம். பட்டுப்புடவைகளைப் படமெடுப்பவர்கள் ராவில் (கேமரா பதிந்த மூலத் தகவலாகவே) எடுத்து, எஸ்ஆர்ஜிபியைவிட விரிந்த அடோபி ஆர்ஜிபியில் வைத்துக்கொள்வது இதனால்தான் நல்லது. மயில்கழுத்துப் புடவையில் பாவு ஒரு நிறம், ஊடை ஒரு நிறம் என்பதால் நெய்த துணியே கோணத்துக்குக் கோணம் மாறும். அதன் 'சரியான நிறம்' எது என்று நெய்தவரைத்தான் கேட்க வேண்டும்.

தாளால் தொட முடியாத நிறத்தை என்ன செய்வது என்று மென்பொருள் உங்களிடம் கேட்கும். 'ரிலேடிவ் கலரிமெட்ரிக்' கொடுத்தால் எட்டுகிற நிறங்களைத் தொடாமல் விட்டு, எட்டாதவற்றை மட்டும் எல்லைக்கு இழுத்து வைக்கும். புடவை மடிப்புகள் ஒன்றாகி ஒரே நீலத் திட்டாகத் தெரியலாம். 'பெர்செப்சுவல்' கொடுத்தால் மொத்தப் படத்தின் நிறங்களையும் கொஞ்சம் சுருக்கி, மடிப்புகளைக் காப்பாற்றும். முகங்கள் மட்டும் உள்ள படத்துக்கு முதலாவது, பட்டுப்புடவைக் கூட்டத்துக்கு இரண்டாவது என்று நான் வைத்திருக்கிறேன். அச்சடிக்கும் முன்பே சாஃப்ட் புரூஃப், அதாவது பிரிண்ட் எப்படி வரும் என்று திரையிலேயே காட்டும் முன்னோட்டம், போட்டுப் பார்த்துவிடலாம். லைட்ரூம், போட்டோஷாப் தவிர, இலவசமாகக் கிடைக்கும் ஜிம்ப், டார்க்டேபிள், ராதெரபியிலும் அது இருக்கிறது. தாளின் வெள்ளையையும் காட்டச் சொன்னால் படம் சட்டென்று சாம்பல் பூசியது போலாகும். அதைப் பார்த்து மனம் தளர்ந்து சாச்சுரேஷனை ஏற்றிவிடாதீர்கள், கண் ஒரு நிமிடத்தில் பழகிவிடும்.

வீட்டில் போடாமலே விட்டால்?

தம்பி சொன்ன லேபை நான் அலட்சியமாகத்தான் நினைத்தேன். மேக்ஸி சைஸில் நூறு படம் வேண்டுமென்றால் இன்றைக்கும் லேபில்தான் கொடுக்கிறேன். நான் கொடுக்கும் லேபில் மை கிடையாது, போட்டோ தாளில் ஒளி பாய்ச்சிக் கழுவி எடுக்கிறார்கள். எஸ்ஆர்ஜிபியில் ஜேபெக்காகக் கொடுத்தால் போதும். தொல்லை ஒன்றுதான்: ஆபரேட்டர், அல்லது இயந்திரமே, 'கரெக்‌ஷன்' செய்துவிடும். நீங்கள் ராத்திரி முழுக்க உட்கார்ந்து திருத்தியதன் மேல் இன்னொரு திருத்தம். வாயைத் திறந்து "கரெக்‌ஷன் வேண்டாம்ணே, அப்படியே போடுங்க" என்று சொல்ல வேண்டும். முதலில் இரண்டு படம் மட்டும் போட்டு வாங்கிப் பாருங்கள். மானிட்டர் பிரைட்னஸ் சரியாக இல்லாதவருக்கு லேப் பிரிண்டும் இருட்டாகத்தான் வரும் என்பதையும் மறக்க வேண்டாம்.

வீட்டுக்கே இன்னொரு வகை உண்டு. கேனன் செல்ஃபி போன்ற டை-சப் பிரிண்டர்கள். ரிப்பனிலிருந்து மஞ்சள், மெஜந்தா, சியான், கடைசியாக ஒரு பாதுகாப்புப் பூச்சு என்று தாள் நான்கு தடவை உள்ளே போய் வரும். தாளும் ரிப்பனும் கணக்காக ஒன்றாகவே வருவதால் ஒரு படத்துக்கு என்ன செலவு என்பது முன்பே தெரியும். அடைத்துக்கொள்ள நாசில் கிடையாது. ஆறு மாதம் தொடாமல் வைத்து எடுத்தாலும் அதே நிறம். நிறத்தை நுணுக்கமாகக் கையாள இடம் இல்லை, அளவும் போஸ்ட்கார்டைத் தாண்டாது. ஆனால் எப்போதாவது பிரிண்ட் போடுகிறவருக்கு, இங்க்ஜெட்டின் 'சரியாக அமைத்தால் அற்புதம்' என்பதைவிட, இதன் 'எப்போதும் ஒரே மாதிரி' என்பதுதான் மேல். வருடத்துக்கு முப்பது படம் போடும் என் அக்காவுக்கு இதைத்தான் சொன்னேன்.

பத்து மை பிக்மென்ட் பிரிண்டர்கள், எப்சன் பி700, கேனன் ப்ரோ-300 மாதிரியானவை, ஏ3 அளவுக்கு மேலும் போட்டு, சுவரில் மாட்டி, வருடக்கணக்கில் நிறம் மங்காமல் இருக்க வேண்டும் என்பவர்களுக்கு. மை விலையைக் கேட்டுவிட்டு அப்புறம் முடிவு செய்யுங்கள்.

இப்போது யாராவது என்னைக் கேட்டால் இந்த வரிசையில்தான் சொல்வேன். கேமராவை வைத்துத் திரையை 100 நிட்டுக்கு இறக்குங்கள். டிரைவரில் இரட்டைத் திருத்தம் இருக்கிறதா பாருங்கள். இதற்கு ஒரு மாலைப் பொழுது போதும், செலவு பத்துத் தாள். அதற்கு மேலும் நிறம் உறுத்தினால் ஒரிஜினல் மையும் புரொஃபைல் உள்ள ஒரு பேப்பரும். லோக்கல் மைதான் கட்டுப்படியாகும் என்றால் அதையே ஒரே கடையில் ஒரே தயாரிப்பாக வாங்கி, புரொஃபைல் செய்துகொள்ளுங்கள். வாரத்தில் பல மணி நேரம் படம் திருத்துகிறவர் என்றால் மட்டும் கலரிமீட்டர். அதுவும் நல்ல மானிட்டர் வாங்கிய பிறகு.

பெரியம்மாவுக்கு ஏ4 அளவில் ஒன்று மறுபடி போட்டுக் கொடுத்தேன். ஒரு நாள் காயவைத்து, ஜன்னலோரம் வைத்துப் பார்த்து, சரி என்று தோன்றிய பிறகுதான் கொண்டுபோனேன். "ம், இப்ப என் புடவை" என்றார். பெரியப்பா அதைக் கண்ணாடி போட்டு ஹாலில் மாட்டினார். சாயங்காலம் விளக்கைப் போட்டதும் நான் நிமிர்ந்து பார்த்தேன். நீலத்தில் லேசாக ஊதா. அங்கே எரிவது ஏதோ மலிவு எல்.இ.டி பல்ப். அட்டையில் சிஆர்ஐ, அதாவது நிறங்களை எவ்வளவு சரியாகக் காட்டும் என்ற குறியீடு, 90-க்கு மேல் போட்ட பல்ப் ஒன்றை வாங்கிவைத்திருக்கிறேன். அடுத்த ஞாயிறு போய் மாட்ட வேண்டும்.